சம்பந்தி வீட்டுக் கேமரா

டிக்கெட் பரிசோதகர், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குத் தனியாக வந்தது அதுதான் முதல்முறை. சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி அலமாரியிலிருந்து கறுப்புத் தோல் பெட்டி ஒன்றை எடுத்தார். தடித்த புத்தகம் அளவுதான் இருக்கும். முன்பலகையைத் திறந்து, அதிலிருந்த சின்னத் தண்டவாளத்தின்மேல் லென்ஸை இழுத்தார். பின்னாலேயே தோல் துருத்தி மடிப்பு மடிப்பாக விரிந்தது.

"எங்க தாத்தாவோடது சம்பந்தி. இதுக்கு ஃபிலிம் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு. பை நிறையக் கண்ணாடியோட ஊர் ஊரா அலைஞ்சவரு. ஒருதடவை படியில வழுக்கினதுல கால் தப்பிச்சுது, யாரோ ஒருத்தர் கல்யாணம் மொத்தமும் போச்சு!"

பின்பக்க மங்கல் கண்ணாடியில் பார்க்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். பரிசோதகர் குனிந்து பார்த்தார். அந்தக் கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் விழுந்தது; சம்பந்தியும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரித்தார். பெண்ணைப் பெற்றவருக்கு உள்ளூர ஒரு குஷி.

அந்த நேரம் பார்த்து ஃபோன் வர, சம்பந்தி உள்ளே போனார். பரிசோதகருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்திலிருந்த சின்னத் திருகைத் திருகினார். லென்ஸ் நைசாக மேலே ஏறியது. போதும், அவர் வருவதற்குள் மூடி வைத்துவிடலாம் என்று லென்ஸை உள்ளே தள்ளினார். பெட்டியின் வாயிலேயே முட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கிறீச்சென்றது.

ரயிலில் எத்தனையோ பேரை வியர்க்க வைத்தவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அம்மாடி, இங்க கொஞ்சம் வாயேன்!"

மகள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "ஐயோ அப்பா! இது மாமாவுக்கு உயிராச்சே!"

"உடைச்சிட்டேனா பாரு."

அவள் பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். "எதையாவது திருகினீங்களா?"

"லேசா."

"லேசாத்தான் திருகுவீங்க! உயரமான கட்டடம் எடுக்கத்தான் லென்ஸை மேல ஏத்துவாங்களாம். இறக்காம மூடினா மேல இடிக்கும்னு உங்க மாப்பிள்ளை சொல்வாரு."

திருகைத் திருப்பி லென்ஸை நடுவுக்குக் கொண்டுவந்தாள். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. துருத்தியில் ஒரு கீறல்கூட இல்லை. முன்பலகை 'டக்'கென்று மூடியது. பரிசோதகர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

திரும்பி வந்த சம்பந்தி வாயைப் பிளந்தார். "அட, மூடிட்டீங்களா! எனக்கு ஒவ்வொரு தடவையும் இதோட மல்லுக்கட்டுதான். பையன் வந்துதான் மூடுவான்."

"நான் எங்க மூடினேன் சம்பந்தி? கண்டதைத் திருகி மாட்டிக்கிட்டேன். உங்க மருமகதான் மானத்தைக் காப்பாத்தினா."

சம்பந்தி வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்போ நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி!" என்றபடி மறுபடியும் பெட்டியைத் திறந்தார். "வாங்க, இந்தத் தடவை நீங்க போய் ஜன்னல்கிட்ட நில்லுங்க."