ஒரு விரல் இடைவெளி

இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி விட்டிருந்தது. காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மணிவண்ணன் அதையே முறைத்துக்கொண்டிருந்தான். கிளட்ச் மிதித்து ஓட்டுகிற வண்டியென்றால் கவலையில்லை. போல்ட்டை முடுக்க முடுக்கத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் கைப்பழக்கத்தில் இதிலும் இரண்டு போல்ட்டை இழுத்துவிட்டான். இதுவோ ஆட்டோமேட்டிக். கியர்பாக்ஸ் வாயில் உட்காரும் கன்வர்ட்டர், சுற்றிச் சுற்றித் தள்ளும்போது மூன்று முறை இறங்க வேண்டும். இரண்டு இறக்கம் கைக்குத் தெரிந்தது. மூன்றாவதற்குச் சத்தியம் பண்ண முடியாது. கியர்பாக்ஸ் அடியிலிருந்த ஓட்டை வழியே விரலை விட்டுத் தள்ளிப்பார்த்தான். சுற்ற வேண்டிய கன்வர்ட்டர் அசையவில்லை.

பட்டறை சின்னது, காரின் முன்பாதி தெருவில் நின்றது. பெருமாள் புறப்பாடு இந்த வழிதான். கூட்டத்தைத் தடுக்கத் தெருவோரம் கயிறு கட்டிக்கொண்டிருந்த போலீஸ்காரர், வண்டியை எடுக்கச் சொல்லி இரண்டு தரம் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்.

"இன்னாபா, தூங்கிக்கினு இருக்குறியா? சாமி தேரடி தாண்டிட்டாராம். இழுத்து முடுக்கு, வண்டிய உள்ள தள்ளிடலாம்," என்றான் கூட்டாளி தணிகாசலம்.

"சாமிய வேணா வெயிட் பண்ணச் சொல்லட்டுமாண்ணா?" என்று சிரித்தாள் ரேவதி. வண்டி அவளுடையது. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய இடது காலை வைத்துக்கொண்டு, கிளட்ச் இல்லாததால் அவளால் ஓட்ட முடிந்த ஒரே வாடகை வண்டி.

முடுக்கிவிடலாம். முழுதாக உட்காராத கன்வர்ட்டர் அழுத்தி, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில் பம்ப்பு நொறுங்கினாலும் ஸ்டார்ட் பண்ணும்வரை யாருக்கும் தெரியாது. வியர்வை காதுக்குள் இறங்கியது.

"தணிகா, போல்ட்ட கழட்டு."

"லூசாபா நீ? போலீசுக்கு யாரு பதில் சொல்றது?"

"முடிஞ்சிதுன்னியேண்ணா?" ரேவதியின் சிரிப்பு நின்றிருந்தது.

"கன்வர்ட்டரு முழுசா உக்காரலம்மா. நான்தான் அவசரத்துல முடுக்கிட்டேன். பம்ப்பு உடைஞ்சிதா இல்லியான்னு இப்ப சொல்ல முடியாது."

அவள் விந்தி விந்தித் தெருவுக்குப் போனாள். "சார், வண்டி என்னுது. தள்ள முடியாது, பிரிச்சிப் போட்டுக்கினு இருக்குறாங்க. கயித்த அந்தப் பக்கமா கட்டுங்க," என்று அவள் போலீஸ்காரரிடம் கத்துவது கேட்டது.

கியர்பாக்ஸை ஜாக்கியோடு பின்னுக்கு இழுத்தார்கள். இரண்டு உள்ளங்கையையும் கன்வர்ட்டர்மேல் பதித்து, தள்ளாமல், மெல்லச் சுற்றினான் மணிவண்ணன். மேளம் தெருமுனை திரும்பியது. முதுகுக்கு அடியில் தரை அதிர்ந்தது, ஜாக்கி அதிர்ந்தது. கைக்குள் ஏதோ ஒன்று இறங்கினாற்போல இருந்தது. கன்வர்ட்டரா, மேளமா? மறுபடி சுற்றினான். ஆயில் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு ஓடியது. வெளியே நீண்டுகிடந்த அவன் கால்களை மிதிக்காமல், தீவட்டி பிடித்த வெறுங்கால்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன.