தபால்காரரின் கால்

தெருவில் அவருக்கு 'ரயில்' என்று பட்டப்பெயர். நடை அத்தனை வேகம். வாயில் புகையும் ஓயாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் நாலு தெருவுக்கும் தபாலை ஒரே மூச்சில் கொடுத்துவிடுவார். அந்த மனிதர் நாற்பத்தோரு வயதில், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு யார் வீட்டுப் படியிலோ உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது அவர் மனைவி நம்பவில்லை. சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், "வேற யாரையாவது பார்த்திருப்பீங்க" என்றாள்.

மூன்றே மாதத்தில் இடது கால் கட்டைவிரல் கறுத்தது.

டாக்டரம்மா விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, "சிகரெட் எப்ப ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார்.

"பத்தொன்பது வயசுல, வேலைக்குச் சேர்ந்த புதுசு. தபால் பிரிக்கிற அறையில, புகை பிடிக்கிறவங்களை மட்டும் பத்து நிமிஷம் வெளிய விடுவாங்க. மத்தவனுக்கு ஓய்வே கிடையாது. நானும் போய் நின்னேன்."

மனைவிக்கு இது புதுச் செய்தி. பத்து நிமிஷத்துக்காகவா என்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கால்ல ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டே வருது. புகை நின்னாதான் கால் நிக்கும். குறைச்சுக்கிறேங்கிற கதையெல்லாம் வேண்டாம். அடியோட விடணும்."

விட்டார். பதினோரு நாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார், சும்மா கிடந்த அலமாரிக் கதவைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். பன்னிரண்டாம் நாள் குளியலறையில், சோப்பு வாசனைக்கு அடியில் அந்த நாற்றம். அவள் கத்தினாள், அழுதாள், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முனைக்கடைக்காரரிடம் போய், "அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அவருக்குக் கொடுக்காதீங்க" என்றாள். அவர் கொடுக்கவில்லை. அடுத்த தெருக் கடையில் கொடுத்தார்கள்.

விரல்கள் போயின. பிறகு முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போயிற்று.

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டில் காலி. தேடிப் போனால், பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் இன்னொரு கால் போனவர். இருவருக்கும் ஒரே தீக்குச்சி.

"இன்னுமாங்க?"

அவர் மறைக்கவில்லை. "கால் போச்சேன்னு நெஞ்சை அடைக்குது. அடைச்சா, இதை விட்டா எனக்கு வேற வழி தெரியல."

கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

வீடு மூன்றாம் மாடி. அவரால் இறங்க முடியாது; அதுவே நல்லதென்று நினைத்தாள். ஒரு மத்தியானம் வலது பாதத்தைத் துடைக்கும்போது சுண்டுவிரல் ஜில்லிட்டிருந்தது. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். சூடு ஏறவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வர்றியா?"

"மாட்டேன்."

நாலு நாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கிடந்தார். சோறு இறங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். ஐந்தாம் நாள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள். எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். யோசிக்காமலே பெயரைச் சொன்னாள்.

அவர் பிடித்து முடிக்கும்வரை சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். "கோபமா?" என்றார். இல்லை என்று தலையாட்டினாள்.

அடுத்த மாதம் வலது காலுக்குத் தேதி குறித்தார்கள். சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.