ஓடை வாயில் நட்ட கம்பிகள்

மார்கழி முடியப்போகும் ஒரு காலையில் எங்கள் வீட்டு வாசலில் லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பின்னால் இளையபெருமாளும் அவர் மனைவி கொளஞ்சியம்மாளும் இரும்புக் கம்பிகள் உருளாமல் காலால் மிதித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கம்பிகளைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. ஐப்பசியில் தமிழ்மொழி போனதிலிருந்து எதற்குமே உடனே எழ என்னால் முடிவதில்லை.

தமிழ்மொழி என் மனைவி. அரியலூரில் கல்லூரி ஒன்றில் புவியியல் நடத்தினாள். ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காடுகளிலிருந்து ஒரு ஓடை செம்மண்ணை அரித்துக்கொண்டு வந்து பெரிய ஏரியில் விழுகிறது. விழுகிற இடமான ஓடை வாயில் மண் விசிறி மாதிரி விரிந்து படிந்து, ஏரிக்குள் புதுத் தரை வளர்கிறது. அது எவ்வளவு வளர்கிறது, தண்ணீரின் ஓரம் எவ்வளவு பின்வாங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்காகக் கட்டடம் கட்டுகிற கம்பிகளை வாங்கி, அந்தத் தரையில் அங்கங்கே ஆழமாக அடித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கம்பி வெளியே எவ்வளவு தெரிகிறது என்று அளப்பாள். தெரிவது குறைந்தால் மண் ஏறியிருக்கிறது. அவ்வளவு எளிமையான வேலை. கம்பி மட்டும் நட்ட இடத்திலேயே நிற்க வேண்டும்.

இந்த வருட அளவுதான் கடைசி. பெரிய மழை பெய்த வருடமும் இதுதான். "இந்த வருஷ மண்ணப் பாத்துட்டா போதுங்க" என்று திருச்சி ஆஸ்பத்திரியில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாணவி ஆர்த்தி பொங்கல் கழிந்து வந்து அளப்பதாக ஏற்பாடு.

"டீச்சரம்மா பொருளு சார். கொண்டாந்துட்டோம்" என்றார் இளையபெருமாள். ஓடை வாய்க்குப் பக்கத்தில்தான் அவருடைய கொல்லை நிலம். ஏரியில் தண்ணீர் இறங்கியதும் புதுத் தரையில் வெள்ளரி போடுவார்.

"ஏன் இவ்வளவு சிரமப்பட்டீங்க?" என்றேன்.

"எங்க ஊர்ல அப்புடித்தான் சார்" என்றார் கொளஞ்சியம்மாள். "போனவங்க பொருளு ஒரு கொடமா இருந்தாலும், மம்முட்டியா இருந்தாலும், தை பொறக்கறதுக்குள்ள அவங்க வூட்டுல சேத்துடணும். இல்லன்னா அவங்களுக்கு அலைச்சல். அந்தப் புள்ள இருக்கறப்பவே வெயில்ல அலஞ்சது போதாதா?"

"முட்டிச் சேத்துல நின்னு ஆட்டி ஆட்டிப் புடுங்குனோம். இவ ஒரு தடவ மல்லாக்க வுழுந்தா" என்றார் இளையபெருமாள்.

"வுழுந்தவளத் தூக்காம கம்பியத் தூக்குனாரு சார் இந்த மனுசன்."

சிரித்தேன். பல நாட்களுக்குப் பிறகு சிரித்ததால் தாடை வலித்தது. கம்பிகள் பளபளவென்று இருந்தன. தொட்டுப் பார்த்தேன்.

"சேறும் துருவுமா எப்புடி சார் கொண்டாந்து குடுக்கறது? புளி போட்டு, செங்கப்பொடி போட்டு, ரெண்டு பேரும் ஒக்காந்து தேச்சோம்."

கொளஞ்சியம்மாள் காட்டிய விரல் நுனிகள் சிவந்து வெடித்திருந்தன. நல்லது செய்தீர்கள் என்று சொல்லி, டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். பிறகு ஆர்த்திக்குப் போன் செய்தேன்.

அவள் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். சுவரில் சாய்த்திருந்த கம்பிகள் முன்னால் பையைக்கூட இறக்காமல் நின்றாள். நட்ட இடமெல்லாம் போனில் பதிந்திருக்கிறது, அது பிரச்சினை இல்லை என்றாள். எவ்வளவு புதைந்திருந்தது என்பதுதான் வேண்டும்.

"சேத்துக் கறை இருந்தாக்கூடப் போதும் சார். அது எதுவரைக்கும் இருக்குன்னு பாத்து ஒரு கணக்குப் போட்டுடலாம்." ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பினாள். "என்ன சார் இது, புதுசு மாதிரி இருக்கு?"

"தேச்சுட்டாங்கம்மா."

"எதப் போட்டு?"

"புளி. செங்கல்பொடி."

"புளியா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தவள் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அவளைத் தேற்றத் தோன்றவில்லை. தேற்றவும் ஒரு பலம் வேண்டியிருக்கிறது.

"அவங்ககிட்ட சொன்னீங்களா சார், என்ன பண்ணிட்டாங்கன்னு?"

"இல்ல. நீயும் சொல்லாத."

"மேடமோட அஞ்சு வருஷம் சார்."

"தெரியும். சொல்லிட்டா அந்த அம்மா தூங்காது."

ஆர்த்தி கோபமாகத்தான் இருந்தாள். இருந்தாலும் இடத்தையாவது பார்த்துவிடலாம் என்று இருவரும் என் வண்டியில் போனோம். கம்பி இல்லாத அந்தத் தரையைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கவும் விருப்பமில்லை.

செம்மண் போன வருடத்தைவிட வெகுதூரம் உள்ளே போயிருந்தது. கம்பி பிடுங்கிய குழிகளெல்லாம் தூர்ந்து, தரை வழவழவென்று கிடந்தது. எங்களைப் பார்த்ததும் இளையபெருமாள் கரையிலிருந்து ஓடி வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஒண்ணு கொறயுதுன்னு தேடி வந்தீங்களா சார்? அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல. ஓடை வாயில நட்ட கம்பி மேல மண்ணு ஏறி மூடிடுச்சு. கம்பியே தெரியல. இருங்க, மம்முட்டி எடுத்தாந்து தோண்டித் தந்துடறேன்."

"வேணாம்!" என்று ஆர்த்தியும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவர் பயந்துபோய் நின்றுவிட்டார்.

ஆர்த்தி போனைப் பார்த்துக்கொண்டே சேற்றில் நடந்தாள். ஓரிடத்தில் மண்டியிட்டு, கொண்டுவந்திருந்த மெல்லிய இரும்புக்குச்சி ஒன்றை மண்ணுக்குள் குத்திக் குத்திப் பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு 'டிங்' என்று அடியில் ஒரு சத்தம். குச்சி இறங்கிய இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, வெளியே எடுத்து டேப்பால் அளந்தாள். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தேன். அவளுடைய இடுப்பளவு இருந்தது.

"இது ஒண்ணு போதுமா?" என்றேன்.

"போதாது சார்." மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டாள். "மத்த எடத்துக்கெல்லாம் இந்த வருஷம் இல்லன்னு எழுதிட வேண்டியதுதான். ஆனா ஓடை வாயிக்கு அளவு இருக்கு. அடுத்த வருஷமும் இதையே குத்திப் பாக்கலாம்."

இளையபெருமாளுக்கு எங்கள் பேச்சில் கவனமில்லை. குச்சி இறங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்காமப் போனா எப்புடி சார்? அம்மா பொருளு இங்கயே கெடக்கலாமா? தை பொறக்கப் போவுது."

விளக்கிச் சொன்னால் மற்ற கம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.

"அடுத்த தைக்கு நானே வந்து எடுத்துக்கறேன்" என்றேன்.

"வருவீங்களா?"

"வரேன்."

"அப்ப அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன். அந்த எடத்துல வெள்ளரி போடல" என்றார்.

ஆர்த்தி வண்டிப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். என் கால்கள் முழங்கால் வரை புதைந்திருந்தன. இளையபெருமாள் என் கையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்துவிட்டார்.