செக்ரட்டரிக்குப் போகாத மெயில்

எங்கள் மெட்டுகுடா அப்பார்ட்மெண்ட் தண்ணீர்த் தொட்டியில் புறா செத்துக் கிடந்தது. செக்ரட்டரி கோதண்டத்துக்கு மெயில் மேல் மெயில் போட்டேன். "ஒண்ணும் வரலையே அங்கிள்" என்றான். புளுகன்.

சங்கத்து மெயில் சர்வரைப் பார்ப்பவன் மாடிவீட்டு ரஞ்சன். அவனை உலுக்கினேன். "உங்க மெயிலெல்லாம் குப்பைக்குப் போற மாதிரி ஃபில்டர் எழுதச் சொன்னதே கோதண்டம் சார்தான்" என்று வழிந்தான்.

"நீயும் அந்தத் தண்ணியிலதானே பல் விளக்கறே? எடுடா அந்த ஃபில்டரை!"

எடுத்தான். மறுபடி மெயில் போட்டேன். அதுவும் குப்பைக்கே போனது.

"என்னையே ஏமாத்தறியா?"

"கோபம் நக்கோ அங்கிள், வேணாம்! மாத்தி எழுதினா மட்டும் போதாது, சர்வருக்குப் புரியற பாஷைக்கு மாத்திக் கம்பைல் பண்ணணும். அதுவரைக்கும் பழசுதான் ஓடும்."

நான் அஞ்சாவதோடு நின்றவன். ஆனால் சந்தர்ப்பம் தெரியும். "அப்போ இன்னொரு வரி சேர்த்துட்டுப் பண்ணு. என் மெயில் வந்தா எல்லா வீட்டுக்கும் ஒரு காப்பி போகட்டும்."

ரஞ்சன் சிரித்துக்கொண்டே சேர்த்தான். கம்பைல் முடியும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு புறாவின் போட்டோவை அனுப்பினேன்.

டீ ஆறுவதற்குள் கோதண்டத்தின் வாசலில் கூட்டம். மூக்கைப் பொத்திக்கொண்டு அவனே தொட்டிக்கு ஏறினான். நான் கீழே ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவனை நம்ப முடியாது, பாதியில் இறங்கிவிடுவான்.