புதுவாயலுக்கும் கவரைப்பேட்டைக்கும் இடையே

காயத்ரி கண் விழித்தபோது குட்டியானை சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. தலைக்கு மேல் தார்ப்பாய். பக்கத்தில் தண்ணீர்க் கேன்கள். எழுந்து எட்டிப் பார்த்தாள். எதிர்க் கடையின் பெயர்ப்பலகையில் கவரைப்பேட்டை என்றிருந்தது. அவள் படுத்தது புதுவாயலில்.

காக்களூரிலிருந்து எளாவூர் வரை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். இரண்டு நாள் நடை. உடன் வேலை பார்த்த லோகுவின் வலது கால், பாரம் தூக்கும் சங்கிலி அறுந்ததில் போயிற்று. அவனுக்குச் செயற்கைக்கால் வாங்குவதற்காகத் தொழிற்பேட்டை நண்பர்கள் நடந்தார்கள். நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நன்கொடை தருவதாகப் பலர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். நண்பர்கள் முன்னே போய்விட்டனர். கொப்புளம் வெடித்த காலோடு பின்தங்கிய காயத்ரிக்குத் துணையாகக் குடும்பம் வந்தது.

“யாரு வண்டிய எடுத்தது?”

“நான்தான்” என்றான் தம்பி பரத். “நீதான ஏறிப் படுத்துக்கின?”

“படுத்தேன். வண்டி ஏன் நகந்துச்சு?”

அம்மா சின்னப்பொண்ணு சாத்துக்குடி உரிப்பதை நிறுத்தவில்லை. “தூங்கட்டும்னு உட்டேன். நேரம் வீணாவக் கூடாதில்ல? நந்தினி உன் தொப்பியப் போட்டுக்கினு நடந்துட்டா. வண்டி அவ பின்னாடியே ஊந்துக்கினு வந்துச்சு. பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கினு நடக்க சொல்ல, முடியாதவங்களுக்கு ஊட்டாளுங்க நடந்து முடிக்கிறதில்லையா? ஆத்தாளே ஏத்துக்கறா. இவங்க இன்னா, அவளவிடப் பெரியவங்களா?”

சித்தி மகள் நந்தினி தொப்பியைக் கழற்றி நீட்டினாள். “மூணு கிலோமீட்டர்க்கா. உன்னவிட நல்ல ஸ்பீடு.”

காயத்ரிக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் கணக்கில் தூரம் குறையவில்லை. உண்மையில் யாரோ ஒருவர் அதை நடந்துமிருந்தார். ஆனால் எளாவூரில் ஒரு படிவம் இருந்தது: நடந்த தூரம், நடந்தவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து. லோகுவின் சங்கிலிக்கும் அப்படியொரு தாள் இருந்தது. விபத்து நடந்த அன்று காலை, அதைச் சோதித்ததாகக் கையெழுத்திட்டவர் சங்கிலியின் பக்கமே போகவில்லை. அவர் வேறு ஷிப்ட்டுக்காரர். அவளுடைய ஷிப்ட்டில், அதே கட்டத்தில், அவளும் பல நாள் அப்படித்தான் கையெழுத்திட்டிருக்கிறாள். சங்கிலி அவள் முறையில் அறுந்துபோகவில்லை, அவ்வளவே.

“வண்டியத் திருப்பு.”

“பேஜாரு பண்ணாதக்கா. அங்க மாலையோட நிக்கிறாங்க.”

“புதுவாயல்ல நான் படுத்த எடத்துல எறக்கி உடு.”

பரத் அம்மாவைப் பார்த்தான். “பொறந்ததிலேர்ந்து இப்டித்தான்” என்றாள் சின்னப்பொண்ணு. “திருப்புடா.”

புதுவாயலில், மதியம் சாப்பிட்ட கடையின் வாசலிலிருந்து காயத்ரி நடக்கத் தொடங்கினாள். தனியே விட மனமில்லாமல் நந்தினியும் கவரைப்பேட்டை வரை மறுபடி நடந்தாள்; அதன் பிறகு வண்டியில் ஏறிக்கொண்டாள். கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் விட்டுப் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. காயத்ரி வலது குதிகாலை ஊன்றாமல், லாரிகளுக்கு ஒதுங்கி, ஒரே வேகத்தில் நடந்தாள்.

எளாவூரை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் லோகு மட்டும் படிவக் கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

“ஏன் இம்மா லேட்டு?”

வண்டியில் தூங்கிப்போனதையும் திரும்பிப் போய் நடந்ததையும் அவள் சொன்னாள். சங்கிலித் தாள்களில் தான் போட்ட கையெழுத்துகளையும் சொன்னாள். லோகு அவளுடைய படிவத்தைத் தேடி எடுத்தான்.

“தெரியும்” என்றான். “எல்லாரும் அப்டித்தான் போட்டோம். நானும்தான்.” பேனாவை நீட்டினான். அவள் தூரத்தை எழுதிக் கையெழுத்திட்டாள். வண்டியில் பின்தொடர்ந்த பரத் பார்த்தவராகக் கையெழுத்திட்டான்.

“அப்போ நான் நடந்தது?” என்றாள் நந்தினி. “போவ மூணு, மறுபடி மூணு. ஆறு.”

லோகு இன்னொரு படிவத்தை எடுத்தான். நந்தினி ஆறு என்று எழுதி, பார்த்தவர் கட்டத்தைக் காயத்ரியிடம் காட்டினாள்.

“ரெண்டாவது மூணுக்குப் போடறேன்” என்றாள் காயத்ரி. “மொத மூணு நான் பாக்கல. தூங்கிக்கினு இருந்தேன்.”

“அடிப்பாவி” என்றாள் நந்தினி.

“இங்க குடு, நான் பாத்தேன்” என்று சின்னப்பொண்ணு சாத்துக்குடிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். அவள் ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடிக்கும்வரை நால்வரும் காத்திருந்தார்கள்.