கெட்டி ஆயில்

காரைத் தூக்கி நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டு மெக்கானிக் அடியில் புகுந்தான். டிரைவர் மேலே உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கியராக மாற்றினார். மெக்கானிக் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர்பாக்ஸின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டான். முதல் மூன்று கியரிலும் அரைக்கும் சத்தம் காதுக்குள் ஊளையிட்டது. நாலாவதில் அடங்கியது. கியர்பாக்ஸுக்குள் அடியில் சுழலும் கீழ்த்தண்டுக்கு நாலாவதில் பாரம் இல்லை. அப்படியானால் போனது அந்தத் தண்டின் பேரிங்தான்.

வடித்த ஆயில் பாதி அளவுக்குத்தான் இருந்தது. அதில் இரும்புப் பொடி மினுக்கியது. ஆயில் சீல் ஒழுகுகிறது என்று நாலு மாதமாகச் சொல்லியும் காரின் சொந்தக்காரரான ஐயா காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று டிரைவர் முனகினார்.

ஐயாவே வந்துவிட்டார். குரலைக் கேட்டதும் காருக்கு அடியில் மெக்கானிக் அசையாமல் கிடந்தான். அவர், ஒன்பது வருடத்துக்கு முன் அவன் வேலை பார்த்த பெரிய ஒர்க்‌ஷாப்பின் மேனேஜர். ஜாக்கி தானாக இறங்குகிறது, மாற்றித் தாருங்கள் என்று அவன் மூன்று முறை கேட்டிருந்தான். வண்டி சாயங்காலம் போக வேண்டும், முதலில் வேலையை முடி என்றார் அவர். ஜாக்கி இறங்கியது. இடது கையில் இரண்டு விரல்கள் போயின. தப்பு அவனுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைக் காட்டித்தான் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அவன் வெளியே வந்து கையைத் துடைத்தான். மேனேஜர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

“இந்தக் கைய வெச்சுக்கிட்டு கியர்பாக்ஸ் பிரிக்க முடியுமா உன்னால?”

அவருக்கு அடையாளமே தெரியவில்லை. இந்த மனிதரோடு அவன் மனதுக்குள் மல்லுக்கட்டாத நாள் இல்லை. அவருக்கோ அவன் யாரோ.

“பிரிக்கவே வேணாம் சார். ஆயில் மாத்தினாப் போதும்.”

இருப்பதிலேயே கெட்டியான ஆயிலை எடுத்து விளிம்புவரை ஊற்றினான். பேரிங்கை அவன் தொடவே இல்லை. தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தமே இல்லை என்று மேனேஜர் தலையாட்டினார். ஒரு மாதம் தாங்கினால் பெரிது என்று மெக்கானிக் கணக்குப் போட்டான். நடுரோட்டில் கியர்பாக்ஸ் இறுகி, வெயிலில் அவர் விழி பிதுங்கி நிற்பதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டான். மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அந்தக் காரை ஓட்டுவது யார் என்று மட்டும் கேட்டாள். அவன் பேச்சை மாற்றினான்.

பதினேழாம் நாள் ஒரு லாரி அந்தக் காரைக் கட்டி இழுத்து வந்தது. பேரிங் நொறுங்கிப் பின்சக்கரங்கள் இறுகி, கார் சுழன்று ஒரு தூணில் மோதியிருந்தது. உள்ளே டிரைவர் மட்டும்தான் இருந்திருக்கிறார். லாரியிலிருந்து இறங்கிய அவர் தாடையில் நாலு தையல். பின்னால் வேறொரு வண்டியில் மேனேஜர் வந்து இறங்கினார். கியர் போடத் தெரியாதவனை வைத்திருந்தது என் தப்புத்தான், இன்றோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டேன் என்றார்.

மெக்கானிக் அவர் எதிரே வந்து நின்றான்.

“அவர் மேல தப்பில்ல சார். பேரிங் போனது எனக்கு அன்னிக்கே தெரியும். சத்தத்த அமுக்கத்தான் கெட்டி ஆயில் ஊத்தினேன். வேணும்னே செஞ்சேன்.”

மேனேஜர் சிரித்தார்.

“ஓட்டறவனும் ரிப்பேர் பாக்கறவனும் ஒருத்தர ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டீங்களே.”

“இந்தக் கைய நல்லாப் பாருங்க சார்.”

இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். சட்டையில் கிரீஸ் பட்டுவிடாமல் மேனேஜர் ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு போனை எடுத்து, வேறொரு டிரைவரை நாளைக் காலையிலேயே வரச் சொன்னார்.

டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மெக்கானிக்கின் பக்கம் திரும்பவேயில்லை. நசுங்கிய கதவை இழுத்துத் திறந்து தன் சாமான்களை எடுத்தார். முதுகுக்கு வைக்கும் சின்னத் தலையணை, தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, ரப்பர் செருப்பு. கடைசியாக சீட்டுக்கு அடியிலிருந்த துணியை எடுத்தவர், அதை ஒருமுறை உதறி மடித்து, விரிசல் விட்ட முன்கண்ணாடியை மெல்லத் துடைக்க ஆரம்பித்தார்.