கண்ணாடியில் பொருந்திய கிளைகள்

பதினோரு நாள் நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்காமல் தையல்காரம்மா தைத்த ஸ்டென்ட் அது. வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் வீங்கிப்போன ஒரு மனிதருக்கென்றே, அந்த வீக்கத்துக்கு உள்ளே பொருத்த அளவெடுத்துச் செய்த துணிக்குழாய். அதன் பக்கவாட்டில் நாலு குட்டிக் கிளைகள்: ஈரலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று, சிறுநீரகங்களுக்கு ஆளுக்கொன்று. இப்போது அதை அந்த மனிதருடைய ரத்தக்குழாயை ஸ்கேன் பார்த்து அச்சடித்த பிளாஸ்டிக் மாதிரிக்குள் விட்டுப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் ஒரு கிளை சரியாக வந்தால் இன்னொன்று முரண்டு பிடித்தது.

ஆபரேஷனுக்கு ஆறே நாள். மறுபடி தைக்கப் பதினோரு நாள் வேண்டும். வீங்கிய குழாய் அதுவரை வெடிக்காமல் இருக்க வேண்டுமே!

"மாத்தித் தைச்சுட்டீங்களா?" என்றார் கம்பெனி மேலாளர்.

"படத்துல இருக்கறபடிதான் தைச்சேன்" என்றார் தையல்காரம்மா ரோஷத்தோடு. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். படம் போட்டவர் பக்கத்திலேயே நின்றார். சாட்சாத் அவர் வீட்டு மாப்பிள்ளை. கல்யாணமாகி நாலே மாதம். குழம்பில் உப்புக் குறைந்தாலே மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ என்று பதறுகிற மாமியார், நாலு பேர் முன்னால் அவரை மாட்டிவிட்டாயிற்று.

மாப்பிள்ளைக்குப் பேயறைந்த முகம். "என் தப்பாத்தான் இருக்கும், அத்தை."

"சும்மா இருங்க மாப்பிள்ளை. அதுக்குள்ள பழியைத் தலையில போட்டுக்காதீங்க."

இந்த முரண்டை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார். முன்பு ரவிக்கை தைத்த காலத்தில், வலக்கைக்கு வெட்டியதை இடப்பக்கம் வைத்தால் இப்படித்தான் இழுக்கும். சட்டென்று கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து மாதிரிக்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் தெரிந்த குழாயும் கையிலிருந்த ஸ்டென்டும் அச்சு அசலாக ஒத்துப்போயின.

"மாப்பிள்ளை, ஸ்கேனைப் பாருங்க. ஸ்டென்டா, மாதிரியா, எது இடம் வலமா மாறியிருக்கு?"

மாப்பிள்ளை பார்த்தார். ஒரு தரம், இரண்டு தரம். படம் சரி, தையல் சரி. அச்சடிக்கும்போது பிளாஸ்டிக் மாதிரிதான் இடம் வலமாகப் புரண்டிருந்தது. மறுநாள் காலை வந்த புது மாதிரிக்குள் நாலு கிளையும் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன. மாப்பிள்ளை விசிலடித்தே விட்டார். மாமியார் கேட்காத மாதிரி இருந்துகொண்டார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். மேலாளர் போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"நாலு கிளையிலயும் ரத்தம் ஜோரா ஓடுது. ரெண்டு கிட்னியும் வேலை செய்யுது, பை நிறைய மூத்திரம் வந்திருக்கு!"

தையல் அறையே கைதட்டிக் குதித்தது. தையல்காரம்மா உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"மூத்திரம் வந்துடுச்சுடி!"

"யாருக்கும்மா?"

"யாருன்னே தெரியாதுடி" என்றவர், சிரித்துக்கொண்டே அழுதார்.